விழுந்து எழும் கைப்பேசியின் ராம் டம்ப்: எடுப்பது, படிப்பது

கேள்வி கேட்ட தம்பி சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். பார்கோடு வாசிக்கும் ஆண்ட்ராய்டு கைக்கருவிகள் அறுபது அவர் பொறுப்பில் இருக்கின்றன. சில கருவிகள் நாளுக்கு ஓரிரு முறை வேலை நடுவே திரை கறுத்து, தானாகவே மீண்டும் எழுகின்றன. விற்றவர்களிடம் புகார் செய்தால், "மெமரி டம்ப் எடுத்து அனுப்புங்க, பார்க்கிறோம்" என்று ஒரே வரியில் பதில். அதை எப்படி எடுப்பது, எடுத்ததை நாமே படித்துப் பார்க்க முடியுமா என்று கேட்கிறார்.

முடியும் தம்பி. டம்ப் என்பது கருவி விழுந்த கணத்தில் ராமில், அதாவது தற்காலிக நினைவகத்தில், இருந்ததன் நகல். பதினான்கு வருடமாக, முதலில் சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில், இப்போது ஒன்-நார்த் வட்டாரத்தில், எனக்கு இதே பிழைப்பு. டம்ப் எடுப்பது கேபிளும் பொறுமையும் இருந்தால் முடிகிற காரியம். படிப்பதில்தான் பலரும் வழி தவறுகிறார்கள்.

டம்ப் பேச்சை எடுக்கும் முன் ஒன்று கேட்கிறேன். கருவி உண்மையிலேயே அடியிலிருந்து மறுதொடக்கம் ஆகிறதா? தயாரிப்பாளரின் சின்னம் வந்து, அதற்குப் பிறகு ஆண்ட்ராய்டு அசைபடம் ஓடினால், இயங்குதளத்தின் அடித்தளமான கர்னல் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சின்னமே வராமல் நேரே அசைபடம் ஓடினால் கர்னல் உயிரோடுதான் இருக்கிறது; மேலே ஓடும் சிஸ்டம் சர்வர் என்ற புரோசஸ் செத்து மறுபடி பிறந்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால் கணினியிலிருந்து கருவிக்குக் கட்டளை கொடுக்கும் ஏடிபி ஷெல்லில் 'அப்டைம்' கொடுத்துப் பாருங்கள்; கர்னல் எழுந்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று சொல்லும். கருவி இப்போதுதான் விழுந்து எழுந்தது, அப்டைமோ மூன்று நாள் என்று காட்டுகிறது என்றால் உங்களுக்கு ராம் டம்ப் தேவையே இல்லை. சிஸ்டம் சர்வரின் முக்கிய இழை 60 நொடி அசையாமல் நின்றால் ஆண்ட்ராய்டே அதைக் கொன்றுவிடும். அதன் தடயம் பக்ரிப்போர்ட் என்ற ஆண்ட்ராய்டின் பிழை அறிக்கையில் கிடைக்கும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஒரு வாரம் டம்ப் பின்னால் ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் நானும் ஒருவன்.

அடுத்து, எந்தக் கருவி எத்தனை முறை விழுந்தது என்று வரிசை எண்ணோடு ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். காசு செலவில்லாத வேலை. எப்போதும் அதே மூன்று கருவிகள்தான் விழுகின்றன என்றால் வன்பொருளைச் சந்தேகிக்கலாம். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு வேறொன்று என்று அறுபதிலும் சுற்றி வந்தால் மென்பொருள். டம்பைத் திறப்பதற்கு முன்பே பாதி வழக்கு இங்கே தீர்ந்துவிடும்.

கர்னல்தான் விழுகிறது என்று தெரிந்தால் 'சிஸ்.பூட்.ரீசன்' என்ற பண்பைப் படியுங்கள். கர்னல் பேனிக் (கர்னல் மேலே ஓட முடியாமல் கைவிட்டது), வாட்ச்டாக் (கருவி உறைந்தால் மறுதொடக்கம் செய்யும் காவல் கடிகாரம்), வெப்பத்தால் நிறுத்தம் என்று ஒரு காரணம் இருக்கும். அதோடு பிஸ்டோர் அடைவையும் பாருங்கள். கர்னல் சாகும்போது கடைசியாகப் பேசியதை நினைவகத்தின் ஒரு சிறு ஒதுக்கீட்டில் எழுதி வைக்கும். மறுதொடக்கத்துக்குப் பிறகு அது ஒரு கோப்பாகக் கிடைக்கும். பழைய கருவிகளில் 'லாஸ்ட் கேஎம்எஸ்ஜி' என்ற பெயரில் இருந்தது. நாங்கள் இதை மரண வாக்குமூலம் என்போம். என் அனுபவத்தில் பத்து வழக்கில் நான்கைந்தை இந்த வாக்குமூலமே முடித்து வைத்துவிடும். சில நூறு கிலோபைட்தான். மின்னஞ்சலில் அனுப்பலாம், யாருடைய ரகசியமும் பெரிதாகக் கசியாது. இது போதாதபோதுதான் முழு டம்ப்.

முழு டம்ப் எப்படிச் சாத்தியமாகிறது? ராமில் மின்சாரம் போனால் எல்லாம் அழிந்துவிடும் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் கர்னல் விழும்போது சில்லு செய்வது வார்ம் ரீசெட் என்ற அரை மறுதொடக்கம். ராமுக்கு மின்சாரம் நிற்காது. புரோசசர் மட்டும் உதை வாங்கி மறுபடி முதல் வரியிலிருந்து ஓடும். இயங்குதளத்தை ஏற்றும் நிரலான பூட்லோடர் எழுந்ததும் ஓர் அடையாளக் குறியைப் பார்க்கும்: போன முறை நல்லபடியாகப் படுத்தானா, விழுந்தானா? விழுந்திருந்தால் ஆண்ட்ராய்டை ஏற்றாமல் யுஎஸ்பி வழியாகக் கணினிக்காகக் காத்து நிற்கும். ராமில் இருப்பது விழுந்த கணத்தில் இருந்தபடியே இருக்கும்.

குவால்காம் சில்லு என்றால் அப்போது கணினியில் 900இ என்ற எண்ணோடு ஒரு சாதனம் தெரியும். 9008 என்று தெரிந்தால் அது வேறு. அது அவசரப் பதிவிறக்க நிலை, டம்ப் நிலை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஃபிளாஷ் செய்ய (மென்பொருளை மேலெழுத) போய்க் கருவியைச் செங்கல்லாக்கியவர்கள் உண்டு. 900இ வந்ததும் கணினியில் ஓடும் குவால்காமின் கியூபிஎஸ்டி தொகுப்பு, சஹாரா என்ற நெறிமுறை வழியாக நினைவகத்தைத் துண்டு துண்டாக இழுத்துக் கொடுக்கும். டிடிஆர் என்று தொடங்கும் பெரிய கோப்புகளும், சில்லுக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகத்துக்கான கோப்புகளும் வரும். 4 ஜிபி ராம் என்றால் 4 ஜிபி டம்ப். ஓடவிட்டு கீழே போய் ஒரு தே-ஓ குடித்து வரலாம். சிறு கோப்புகள்தானே என்று அவற்றைத் தூக்கி எறியாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மீடியாடெக் சில்லு என்றால் கதை வேறு மாதிரி. அங்கே ஏஇஇ என்ற அமைப்பு விழுந்த விவரத்தை மூட்டை கட்டிக் கருவிக்குள்ளேயே வைத்துவிடும், எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். சாம்சங்கில் 'அப்லோட் மோட்' என்ற திரை வரும்.

கருவியை டம்ப் நிலைக்குத் தயார்செய்துவிட்டால், உண்மையான விபத்துக்காகக் காத்திருக்காமல் நீங்களே ஒரு முறை வேண்டுமென்றே விழவைத்துப் பாருங்கள். ரூட் உரிமையோடு (கருவியின் முழு அதிகாரத்தோடு) சிஸ்ஆர்கியூ டிரிகர் என்ற கர்னல் கோப்புக்கு 'சி' என்ற ஒற்றை எழுத்தை எழுதினால் கர்னல் அந்த இடத்திலேயே பேனிக் ஆகும். அப்போது டம்ப் முழுதாக வந்தால்தான் நாளைக்கு நிஜமாக விழும்போதும் வரும். மூன்று வாரம் காத்திருந்து விபத்து நடந்த அன்று கேபிள் வெறும் சார்ஜிங் கேபிள் என்று தெரியவந்தால் அழுகைதான் வரும்.

ஒரு தடை உண்டு. கடையில் வாங்கிய சாதாரணக் கைப்பேசியில் இவையெல்லாம் பூட்டப்பட்டிருக்கும். டம்ப் நிலை அணைக்கப்பட்டிருக்கும், அல்லது தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பம் இருந்தால்தான் திறக்கும். பூட்லோடரைத் திறக்கலாம் என்றால் அது முதலில் செய்வது உள்ளிருக்கும் தரவை அழிப்பதுதான். ஆகவே "டம்ப் அனுப்புங்க" என்று சொன்ன விற்பனையாளரிடம் இரண்டு பொருள் கேளுங்கள்: அந்தக் கருவிக்கான யூசர்டிபக் மென்பொருள் (பிழை தேடுவதற்கென்று பூட்டுகளைத் தளர்த்திய பதிப்பு), அதே மென்பொருளின் விஎம்லினக்ஸ் கோப்பு. இரண்டையும் தராமல் டம்ப் கேட்பவர், சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டு நம்மை வீட்டைத் திறக்கச் சொல்கிறவர்.

அந்த விஎம்லினக்ஸ் என்ன? டம்ப் என்பது பல நூறு கோடி பைட்டுகள், அவ்வளவுதான். எந்த முகவரியில் எந்த ஃபங்ஷன் (நிரல் துண்டு), எந்தக் கட்டமைப்பின் எத்தனையாவது பைட்டில் எந்த உறுப்பு என்ற வரைபடம் விஎம்லினக்ஸில்தான் இருக்கிறது. அந்தக் கருவியில் ஓடிய அதே பில்டின் (தொகுத்தெடுத்த பதிப்பின்) வரைபடமாக இருக்க வேண்டும். அதே மூலநிரலை இன்றைக்கு மறுபடி தொகுத்தால்கூடப் பொருந்தாமல் போகலாம். சந்தேகம் தீர எளிய வழி: டம்பில் 'லினக்ஸ் வெர்ஷன்' என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள், விஎம்லினக்ஸிலும் தேடுங்கள். தேதி, நேரம் உட்பட எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். புதிய கருவிகளில் பொதுக் கர்னல் கூகுளிடமிருந்தும் மாட்யூல்கள் தயாரிப்பாளரிடமிருந்தும் வரும். இரண்டு பக்கச் சிம்பல்களும், அதாவது இந்த வரைபடத் தகவலும், தேவை. கர்னல் ஒவ்வொரு முறையும் வேறு வேறு முகவரியில் ஏறி உட்காரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். குவால்காமில் அந்த இடப்பெயர்ச்சி அளவு சில்லுக்குள் இருக்கும் சிறு நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கும். தூக்கி எறியாதீர்கள் என்றேனே, அந்தக் கோப்புதான்.

கருவிகள் மூன்று. குவால்காம் திறந்த மூலமாக வெளியிட்ட பைத்தான் ராம்டம்ப் பார்சர், முதல் பார்வைக்கு. ரெட் ஹாட் பக்கம் வளர்ந்த 'கிராஷ்', உள்ளே இறங்கித் தேட. லாட்டர்பாக்கின் டிரேஸ்32, நிறுவனம் உரிமம் வாங்கித் தந்தால். என் கை பெரும்பாலும் கிராஷில்தான் போகும். கோப்புப் பெயரோடு ராம் தொடங்கும் முகவரியையும் கொடுத்தால் வெறும் டம்பையே திறந்துவிடும்.

இனிப் படிப்பது. புதிதாக வருகிறவர்கள் பிசி ரெஜிஸ்டர் (புரோசசர் அந்தக் கணம் ஓட்டிக்கொண்டிருந்த வரியின் முகவரி) எந்த ஃபங்ஷனைக் காட்டுகிறதோ அதுதான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரம் அது குழியில் விழுந்தவன் மட்டுமே. குழியை வெட்டியவன் எப்போதோ வீட்டுக்குப் போயிருப்பான். ஒரு வழக்கைச் சொன்னால் புரியும்.

சில வருடம் முன் ஒரு கைப்பேசித் திட்டம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். சிங்கப்பூரில் சோதனைக்குக் கொடுத்த கருவிகள் மட்டும் விழுந்துகொண்டிருந்தன. வெளிநாட்டுத் தலைமையகத்தில் நூறு கருவியை ஒரு வாரம் ஓடவிட்டும் ஒன்றுகூட விழவில்லை. "உங்க ஊர் வெயில்தான் காரணம்" என்றுகூட ஒருவர் எழுதினார். எங்களிடம் பதினோரு டம்ப். ஒவ்வொன்றிலும் பிசி வேறு வேறு ஃபங்ஷன். ஒன்றில் கோப்பு முறைமை, ஒன்றில் ஒலி டிரைவர் (ஒலி வன்பொருளை இயக்கும் நிரல்), இன்னொன்றில் டைமர். ஒவ்வொரு குழுவும் "எங்க கோடு சரியாத்தான் இருக்கு" என்றது. உண்மைதான், சரியாகத்தான் இருந்தது.

ஒரு டம்பில் கர்னல் ஒரு பட்டியலை ஒவ்வொரு கண்ணியாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த கண்ணியின் முகவரி இருக்க வேண்டிய எட்டு பைட்டில், பதினாறடிமான எண்களில், இருந்தது இது: 73 73 65 6சி 65 72 69 57. கர்னல் முகவரி இந்த மாதிரி இருக்கவே இருக்காது. "பயனர் எல்லைக்கும் கர்னல் எல்லைக்கும் நடுவில் உள்ள முகவரி" என்று கர்னலே புலம்பிவிட்டு விழுந்திருந்தது. பழகிய கண்ணுக்கு ஒன்று உடனே தட்டும்: எல்லாப் பைட்டும் 57-க்கும் 73-க்கும் நடுவில் இருக்கின்றன. அது ஆங்கில எழுத்துகளின் ஆஸ்கி எல்லை. ஆர்ம் புரோசசர் எண்களைக் கடைசிப் பைட்டை முதலில் வைத்து எழுதும். எனவே பின்னாலிருந்து படிக்க வேண்டும். 57 டபிள்யூ, 69 ஐ, 72 ஆர், 65 இ, 6சி எல், 65 இ, 73 எஸ், 73 எஸ். 'வயர்லெஸ்'. அடுத்த எட்டு பைட்டில் பூச்சியங்களும் 78 47 53 40-உம். திருப்பினால் ஒரு அட் குறி, எஸ், ஜி, சின்ன எக்ஸ்.

சேர்த்தால் 'வயர்லெஸ்@எஸ்ஜிஎக்ஸ்'. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பெயர். எம்ஆர்டி நிலையத்திலும் கடைத்தொகுதியிலும் நம் கைப்பேசி தானாகப் பிடித்துக்கொள்ளும் அந்தப் பொது வைஃபையின் பெயர், ஒலி டிரைவரின் பட்டியலுக்குள் உட்கார்ந்திருந்தது. நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து சிரித்ததில் பக்கத்து மேசைக்காரர் பயந்துபோனார்.

கிராஷில் அந்த முகவரி எந்த ஸ்லாபை (ஒரே அளவுத் துண்டுகளுக்கான நினைவகத் தொட்டியை) சேர்ந்தது என்று பார்த்தோம். ஒலி டிரைவரின் அந்தப் பொருளும், வைஃபை டிரைவர் ஒவ்வொரு அணுகல் புள்ளிக்கும் ஒதுக்கும் பதிவும் ஒரே அளவு. ஒரே தொட்டியிலிருந்து எடுக்கப்படுபவை. பிறகு மூலநிரலைப் படித்ததில் கதை முழுதாக வந்தது. வைஃபை டிரைவர் சுற்றியுள்ள புள்ளிகளை ஓர் அட்டவணையில் வைக்கும். அட்டவணை நிரம்பினால் பழைய பதிவைக் கழித்து நினைவகத்தை விடுவித்துவிடும். ஆனால் அந்தப் புள்ளியைப் பற்றித் தாமதமாக வரும் தகவலை எழுதும் இன்னொரு ஃபங்ஷன், விடுவித்த பதிவின் பழைய முகவரியையே கையில் வைத்திருந்தது. அந்த இடம் அதற்குள் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். யாருக்குக் கிடைத்ததோ அவர் அன்றைக்கு விழுவார். அதனால்தான் பதினோரு டம்பில் இத்தனை வேறு வேறு முகங்கள்.

தலைமையக ஆய்வகத்தில் இருந்தது ஆறு வைஃபை புள்ளி. அட்டவணை ஒருநாளும் நிரம்பியிருக்காது. டோபி காட் நிலையத்தில் மூன்று ரயில் தடங்கள் கூடுகின்றன, மேலே கடைத்தொகுதி; அங்கே ஒரு நிமிடத்தில் நிரம்பிவிடும். நினைவகப் பிழையைக் கையும் களவுமாகப் பிடிக்கும் கேசான் இயக்கிய பில்டைப் போட்டு, நிலையத்துக்குப் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். இருபது நிமிடத்தில் ஒதுக்கியவன், விடுவித்தவன், விடுவித்த பின் எழுதியவன் மூவரின் தடமும் ஒரே அறிக்கையில் வந்தது. கேசான் இயக்கினால் கருவி ஆமையாகிவிடும்; அந்தச் சுமை தாங்காத இடத்துக்கு 5.12 கர்னலில் 2021-இல் வந்த கேஃபென்ஸ் இருக்கிறது. எல்லாத் தவறையும் பிடிக்காது, ஆனால் பயனர் கையில் இருக்கும் கருவிகளில் ஓடவிடலாம்.

ஆகவே டம்பைத் திறந்ததும் பிசியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கெட்டுப்போன மதிப்பைப் பாருங்கள். அதன் வடிவம் பேசும். 6பி 6பி 6பி என்று வரிசையாக வந்தால், ஸ்லாப் சோதனை இயங்கியிருக்கிறது, விடுவித்த நினைவகத்தைத் தொட்டிருக்கிறார்கள். 'டெட்' என்று எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி டி, இ, ஏ, டி என்று தொடங்கும் முகவரி என்றால், பட்டியலிலிருந்து நீக்கிய கண்ணியை யாரோ மறுபடி பிடித்திருக்கிறார்கள். எழுத்துகளாக இருந்தால் மேலே சொன்ன மாதிரி அது யாருடைய எழுத்து என்று கேளுங்கள். மதிப்பு கிட்டத்தட்டச் சரியாக இருந்து ஒரே ஒரு பிட் மட்டும் புரண்டிருந்தால், அதுவும் அதே கருவியில் திரும்பத் திரும்ப நடந்தால், ராம் சில்லையோ அதற்குப் போகும் மின்னழுத்தத்தையோ சந்தேகியுங்கள். நோட்டில் வரிசை எண் எழுதச் சொன்னது இதற்குத்தான்.

வாட்ச்டாக் வழக்குகள் தனி ரகம். கர்னல் குறித்த நேரத்துக்கு ஒரு முறை நாயைத் தட்டிக்கொடுக்க வேண்டும். மறந்தால் குரைக்கும், அப்போதும் கவனிக்காவிட்டால் கடித்துவிடும், அதாவது சில்லே மறுதொடக்கம் ஆகும். பார்க், பைட் என்று நிரலிலேயே இப்படித்தான் பெயர். குரைப்பில் நின்ற டம்ப் நல்லது. கர்னலுக்குத் தன் வீட்டைச் சுருட்டி வைக்க நேரம் கிடைத்திருக்கும். கடியில் வந்த டம்ப் பொய் சொல்லக்கூடும். புரோசசரின் கேஷில் (அதன் சொந்தச் சிறு நினைவகத்தில்) இருந்த புதிய மதிப்புகள் ராமுக்கு வந்து சேராமலே போயிருக்கலாம். யாரும் பிடித்திராத பூட்டு பிடிபட்டிருப்பதாகத் தெரியும். அதை நம்பி நான் ஒரு முறை இரண்டு நாள் தொலைத்திருக்கிறேன். கேஷின் நகலும் டம்போடு வந்திருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டம்பே வராத வழக்கும் உண்டு. மின்னழுத்தம் சட்டென்று சரிந்து மின் மேலாண்மைச் சில்லு மொத்தமாக அணைத்துவிட்டால் ராமும் சேர்ந்து போய்விடும். குளிர் அறையில் தேய்ந்த பேட்டரியோடு ஓடும் கைக்கருவிகளில் இது சகஜம். உங்கள் கிடங்கில் குளிர் அறை இருக்கிறதா என்று சொல்லவில்லையே? இருந்தால், பூட்லோடர் பதிவில் கடைசியாக அணைந்த காரணம் என்ன என்று பாருங்கள். முதலில் ஒரு கருவிக்குப் புதுப் பேட்டரி போட்டுப் பார்ப்பது இன்னும் மலிவு.

ஐஃபோன் பற்றியும் இதே கேள்வியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அங்கே ராம் டம்ப் நம் கைக்கு வராது. அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குள் போனால் பகுப்பாய்வுத் தரவு என்ற பட்டியலில் 'பேனிக் ஃபுல்' என்று தொடங்கும் கோப்பு கிடைக்கும். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை தானாக மறுதொடக்கம் ஆகும் ஐஃபோனில் அதைத் திறந்தால், வெப்பத்தைக் கண்காணிக்கும் தெர்மல்மானிட்டர்டி பதில் சொல்லவில்லை என்றும், காணாமல்போன உணரியின் பெயரும் இருக்கும். பல நேரம் சார்ஜிங் துளையோடு வரும் ஃபிளெக்ஸ் கேபிள்தான் காரணம். சிம் லிம் கடைத்தொகுதியில் பழுது பார்ப்பவர்கள் இந்தக் கோப்பைப் பார்த்தே எந்தப் பாகம் என்று சொல்லிவிடுவார்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காதது. டம்ப் என்பது விழுந்த கணத்தில் அந்தக் கருவிக்குள் இருந்த அனைத்தும்: வாசித்துக்கொண்டிருந்த குறுஞ்செய்தி, தட்டச்சு செய்த கடவுச்சொல், சேமிப்பகத்தைத் திறக்கும் மறையீட்டுச் சாவிகள். என் கைப்பேசியின் டம்பில் சும்மா தேடிப் பார்த்தபோது, காலையில் வீட்டில் முருங்கைக்காய் வாங்கி வரச் சொல்லி வந்த செய்தி முழுதாகக் கிடைத்தது. 2024 ஏப்ரலில் கூகுள் பிக்சலுக்கு ஒரு திருத்தம் வந்தது நினைவிருக்கலாம். ஒருமுறை திறந்த கைப்பேசியை ஃபாஸ்ட்பூட் (பூட்லோடரோடு கணினி பேசும்) நிலைக்கு மறுதொடக்கம் செய்து, ராமில் மிச்சமிருந்ததைத் தடயவியல் நிறுவனங்கள் உருவின. அதன் பிறகு ஃபாஸ்ட்பூட் எழும்போதே ராமைத் துடைத்துவிட்டுத்தான் யுஎஸ்பியைத் திறக்கிறது. நாம் பிழை தேடப் பயன்படுத்தும் அதே கதவு, வேறு கையில்.

உங்கள் கருவியில் வாடிக்கையாளரின் பெயரும் முகவரியும் ஓடுகின்றன. டம்பை இலவசக் கோப்புப் பகிர்வுத் தளத்தில் ஏற்றி விற்பனையாளருக்கு இணைப்பு அனுப்பினால், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது உங்கள் நிறுவனத்தின் தலைவலி. 500 பேரையோ அதற்கு மேலோ பாதிக்கும் கசிவு என்று மதிப்பிட்டதும், 3 நாளுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும். முடிந்தால் பொய்த் தரவு போட்ட இரண்டு கருவிகளை ஒதுக்கி, அவற்றிலேயே விழவைத்து டம்ப் எடுங்கள். முடியாவிட்டால் மறையீடு செய்து, எழுத்துபூர்வமாக ஒப்புதல் வாங்கி, வேலை முடிந்ததும் அழித்ததாக உறுதி கேளுங்கள்.

எனக்கும் டம்பை அனுப்ப வேண்டாம். அப்டைம் சோதனையின் முடிவு, பூட் ரீசன், பிஸ்டோரில் விழுந்த இடத்துக்கு முன்னும் பின்னும் நாற்பது வரி, அந்த 'லினக்ஸ் வெர்ஷன்' வரி, எந்தக் கருவி எத்தனை முறை விழுந்தது என்ற உங்கள் நோட்டுப் பக்கத்தின் படம். இவை வந்தால் டம்ப் தேவையா என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன்.